ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை: முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தனியார் தொழிற்சாலை, கடை, அலுவலகம் நடத்துபவர்களுக்கும் அவர்களின் மனிதவளப் பிரிவினருக்குமான பக்கம் இது. குற்றச்சாட்டு எழும் நாளிலிருந்து கணக்குத் தீர்க்கும் நாள் வரை உள்ள நடைமுறையைப் பேசுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் எது மாறியது என்பதையும் ஆங்காங்கே குறித்திருக்கிறோம்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம். அவரே ஒப்புக்கொண்டு எழுதியும் கொடுத்துவிட்டார். இதற்குப் பிறகும் விசாரணை எதற்கு?

தொழில் தீர்ப்பாயத்தில் கவிழும் பணிநீக்க உத்தரவுகள் பல, ஊழியர் தவறே செய்யவில்லை என்பதால் கவிழ்வதில்லை. தவறை நிரூபித்த விதம் சரியில்லை என்பதால் கவிழ்கின்றன. செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்து எழுதி வாங்கிய ஒப்புதல் கடிதத்தை, "மிரட்டி வாங்கினார்கள்" என்ற ஒரே வரியில் அவர் மறுத்துவிடலாம். சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டை எழுதித் தரும் குறிப்பாணை) கொடுத்து, அதற்கான பதிலிலோ விசாரணை அதிகாரியின் முன்னிலையிலோ தெளிவாக, நிபந்தனையின்றி ஒப்புக்கொண்டால் அது வேறு கதை. அப்போது சாட்சிகளை நீளமாக விசாரிக்கத் தேவையிருக்காது. அப்போதும் அந்த ஒப்புதலைப் பதிவு செய்து கையெழுத்து வாங்கும் அமர்வு ஒன்று வேண்டும்.

புதிய சட்டத் தொகுப்புகளால் ஒழுங்கு நடவடிக்கையில் என்ன மாறியிருக்கிறது?

அடிப்படை மாறவில்லை. குற்றச்சாட்டைச் சொல், பதில் சொல்ல வாய்ப்புக் கொடு, பாரபட்சமில்லாமல் விசாரி, குற்றத்துக்கு ஏற்ற தண்டனை கொடு: இவை நீதிமன்றத் தீர்ப்புகளால் வேரூன்றியவை. மாறியவை பெரும்பாலும் எண்களும் கெடுக்களும்தான். நிலையாணைகள் (பணி நிபந்தனைகளையும் ஒழுங்கு விதிகளையும் சொல்லும், சட்டப்படி சான்று பெற்ற ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்) கட்டாயமாகும் வரம்பு 300 தொழிலாளர் என்றாகியிருக்கிறது. அந்த நிறுவனங்களில் ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் (சஸ்பென்ஷன்) வைத்தால், விசாரணையைச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயம் போகும் கெடு மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாள் ஆகியிருக்க வேண்டும். நிறுவனங்களை அதிகம் தடுமாற வைப்பது கணக்குத் தீர்க்கும் கெடு. அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

எங்களிடம் 40 பேர்தான். நிலையாணைகள் இல்லை. அப்படியானால் எதை வைத்து நடவடிக்கை எடுப்பது?

நிலையாணைகள் கட்டாயமில்லை என்பதற்கு விதிகளே வேண்டாம் என்று பொருளில்லை. பணி விதிகள் என்று ஓர் ஆவணம் தயாரித்து, எவையெல்லாம் ஒழுங்கீனம், என்னென்ன தண்டனை, யார் தண்டிக்கும் அதிகாரி என்பதை எழுதுங்கள். பணி நியமன உத்தரவில் அதைக் குறிப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நியமன உத்தரவு கொடுப்பதே இப்போது கட்டாயமாகிவிட்டதால் இதற்குத் தனி வேலை இல்லை. தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் அச்சிட்டு பேக்டரி ஊழியரிடம் கையெழுத்து வாங்கிய விதிப் புத்தகம், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியிலேயே பல்லைக் காட்டிவிடும்.

சூப்பர்வைசர், மேனேஜர், ஐடி ஊழியர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள், செய்யும் வேலையைப் பாருங்கள். கையாலோ தொழில்நுட்ப அறிவாலோ எழுத்து வேலையாலோ உழைப்பவர் "தொழிலாளி". நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவரும் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். "அசிஸ்டென்ட் மேனேஜர்" என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துவிட்டு, அவருக்குக் கீழே ஒருவரும் இல்லையென்றால் தீர்ப்பாயம் அவரைத் தொழிலாளியாகவே பார்க்க வாய்ப்பு அதிகம்.

வரையறைக்கு வெளியே இருப்பவர்களிலும் பலருக்குப் பாதுகாப்பு உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41இன்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் காரணம் என்றால் முன்னறிவிப்பு வேண்டாம். ஆனால் அதற்கென நடத்திய விசாரணையில் பதிவான சாட்சியம் இருக்க வேண்டும். சுற்றி வந்தாலும் விசாரணையிலேயே வந்து நிற்கிறோம்.

சார்ஜ் மெமோவை எப்படி எழுதுவது?

வழக்கின் தலையெழுத்தே இதில்தான். விசாரணையும் தண்டனையும் மெமோவில் உள்ள குற்றச்சாட்டைத் தாண்டிப் போக முடியாது. வழக்கமாக வரும் வரி இப்படி இருக்கும்: "நீங்கள் பலமுறை பொறுப்பின்றி நடந்துகொண்டு நிறுவனத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தியுள்ளீர்கள்." இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? எந்த நாள், எந்த இடம், என்ன நஷ்டம் என்று எதுவுமே இல்லை. அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"05.02.2026 இரவு 10 மணி ஷிப்டில் பணியிலிருந்த நீங்கள், இரவு சுமார் 1.40 மணிக்கு 3ஆம் எண் கம்ப்ரசரை ஓட விட்டுவிட்டு, ஷிப்ட் பொறுப்பாளரிடம் சொல்லாமல் ஸ்டோர் அறைக்குள் சென்று படுத்துத் தூங்கினீர்கள். 2.25 மணிக்குப் பாதுகாப்புப் பணியாளர் உங்களை எழுப்பினார்."

இதன் கீழே, இச்செயல் பணி விதிகளின் எந்தப் பிரிவில் எந்த உட்பிரிவின்படி ஒழுங்கீனம் என்று எண்ணோடு எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டு இருந்தால் தனித்தனி எண்ணிட்டுப் பிரியுங்கள். நீங்கள் நம்பியிருக்கும் புகார், பதிவேட்டுப் பக்கம், பொருட்கணக்கு ஆகியவற்றின் நகலை இணையுங்கள். பதில் தர ஏழு நாள் கொடுப்பது நல்ல வழக்கம். ஆவணம் நிறைய இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.

"நீங்கள் திருடியது நிரூபணமாகிவிட்டதால் ஏன் உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விசாரணைக்கு முன்பே முடிவெடுத்துவிட்டீர்கள் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியம் அது. தண்டனையைப் பற்றிய பேச்சு மெமோவில் வரவே வேண்டாம். மெமோவில் கையெழுத்திடுபவர் தண்டிக்கும் அதிகாரமுள்ளவர்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெமோவை வாங்க மறுக்கிறார். என்ன செய்வது?

இரண்டு சாட்சிகள் முன்னிலையில் படித்துக் காட்டி, வாங்க மறுத்ததை மெமோவின் நகலிலேயே தேதி, நேரத்துடன் எழுதி அவர்களின் கையெழுத்தை வாங்குங்கள். அன்றே அவருடைய கடைசியாகத் தெரிந்த முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைந்துவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் பெறுநரிடமே ஒப்படைக்கும் பதிவு வசதியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் கோப்பில் வையுங்கள். பிரித்த உறை பாதி மதிப்பை இழந்துவிடும். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

எப்போது சஸ்பெண்ட் செய்யலாம்? பிழைப்பூதியம் எவ்வளவு?

அவர் உள்ளே இருந்தால் ஆவணத்தை அழிப்பார், சாட்சிகளை மிரட்டுவார், அல்லது குற்றச்சாட்டே அடிதடி, திருட்டு போன்றது என்றால் சஸ்பெண்ட் செய்யலாம். கோபத்தைக் காட்ட அது வழியில்லை. விசாரணை முடியும்வரை அவரை வெளியே நிறுத்தி வைப்பதுதான் அது, தண்டனை இல்லை.

சஸ்பெண்ட் காலத்தில் பிழைப்புக்காகக் கொடுக்கும் தொகைதான் பிழைப்பூதியம். 300 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில், நான்கு தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பின்படி அது முதல் 90 நாளுக்கு ஊதியத்தில் 50 சதவீதம். தாமதம் தொழிலாளியால் வந்ததில்லை என்றால் அதற்குப் பின் 75 சதவீதம். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டத்திலும் இந்த 50, 75 உண்டு. ஆனால் 180 நாளைத் தாண்டினால் முழு ஊதியமே கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எது பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, உயர்ந்த தொகையைக் கொடுத்துவிடுவதே மலிவு. மாதாமாதம், ஊதியம் கொடுக்கும் அதே தேதியில் கொடுங்கள். பிழைப்பூதியம் கிடைக்காததால் விசாரணைக்கு வர முடியாமல் போன ஊழியரின் பணிநீக்கத்தை 1999இல் கேப்டன் பால் ஆண்டனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

விசாரணை அதிகாரியாக யாரைப் போடலாம்? வக்கீல் வரலாமா?

புகார் கொடுத்தவர், சம்பவத்தைப் பார்த்தவர், மெமோ எழுதியவர், தண்டிக்கப் போகிறவர் ஆகிய நால்வரையும் தவிர்த்துவிடுங்கள். வேறு பிரிவைச் சேர்ந்த மூத்த அதிகாரியோ, வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரோ இருக்கலாம். நிறுவனத் தரப்பை எடுத்துச் சொல்லத் தனியாக ஒருவர் வேண்டும். விசாரணை அதிகாரியே சாட்சியிடம் கேள்வி கேட்டு, அவரே வாதாடி, அவரே முடிவும் எழுதினால் அது விசாரணையாகவே தேறாது.

ஊழியர் தனக்கு உதவியாக ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ளலாம். பணி விதிகள் அனுமதித்தால் சங்க நிர்வாகியையும் வைத்துக்கொள்ளலாம். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை பொதுவாக இல்லை. ஆனால் உங்கள் தரப்பில் வாதாடுபவர் சட்டம் படித்தவர் என்றால் ஊழியருக்கும் வக்கீலை அனுமதிக்க வேண்டும் என்று 1983இல் பம்பாய் துறைமுக அறங்காவலர் குழு வழக்கில் தீர்ப்பு வந்தது. சட்டம் படித்த மனிதவள மேலாளரை வாதாட உட்கார வைத்தாலும் இதே சிக்கல்தான்.

விசாரணை நாளில் என்னென்ன நடக்க வேண்டும்?

முதல் அமர்வில் குற்றச்சாட்டைத் தமிழில் படித்துக் காட்டி, புரிந்ததா, ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா என்று கேட்டுப் பதியுங்கள். நடைமுறையையும் அப்போதே விளக்கிவிடுங்கள்: நிறுவனச் சாட்சிகள் முதலில், அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம், பிறகு அவர் தன் சாட்சிகளை அழைக்கலாம், தானும் சாட்சியம் சொல்லலாம்.

நிறுவனச் சாட்சியம் முதலில் வர வேண்டும் என்பது வெறும் வழக்கமில்லை. குற்றம் சாட்டப்பட்டவரை முதலிலேயே உட்கார வைத்துக் கேள்வி கேட்டுவிட்டு, அவர் உளறிய இடங்களைப் பிடித்துக்கொண்டு சாட்சிகளைத் தயார் செய்தார்கள் என்ற குறை பல கோப்புகளில் உண்டு. நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஒவ்வொரு சாட்சியும் ஊழியரின் கண்ணெதிரே பேச வேண்டும். முன்கூட்டியே டைப் அடித்த வாக்குமூலத்தைச் சாட்சி படித்துவிட்டுப் போவது போதாது. சாட்சி குறுக்கு விசாரணைக்கு நின்றாக வேண்டும்.

ஆவணங்களைச் சாட்சி மூலமாகத் தாக்கல் செய்து எண்ணிடுங்கள், நிறுவனத்துடையதற்கு நி.1, நி.2, ஊழியருடையதற்கு ஊ.1 என்று வைத்துக்கொண்டால் அறிக்கை எழுதும்போது குழம்பாது. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் விசாரணை அதிகாரி, இரு தரப்பினர், சாட்சி, உதவியாளர் அனைவரின் கையெழுத்தும் வேண்டும். ஊழியர் கையெழுத்திட மறுத்தால் மறுத்தார் என்று எழுதிப் போய்க்கொண்டே இருங்கள். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் நகலை அன்றே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்த தேதியும் இடமும் அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் வரட்டும்.

அவர் விசாரணைக்கே வருவதில்லை. எத்தனை முறை தள்ளி வைப்பது?

காரணம் சொல்லிக் கேட்டால், மருத்துவச் சான்று தந்தால், இரண்டு மூன்று முறை தள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறையும் எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, "இந்தத் தேதியில் வராவிட்டால் நீங்கள் இல்லாமலே விசாரணை நடக்கும்" என்று எழுதுங்கள். அதன் பிறகும் வரவில்லையென்றால் எக்ஸ்பார்ட்டியாக நடத்தலாம். இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான்: அவர் வரவில்லை, ஆகவே குற்றம் நிரூபணம் என்று ஒரே பத்தியில் முடித்துவிடுகிறார்கள். அவர் இல்லாவிட்டாலும் சாட்சிகளை விசாரித்தாக வேண்டும், ஆவணங்களைத் தாக்கல் செய்தாக வேண்டும். நடுவில் ஒரு நாள் வந்து நின்றால் அந்த நிலையிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிசிடிவி பதிவு, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் செல்லுமா?

உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டம் கறாராகப் பொருந்தாது. ஆனாலும் பிற்பாடு தீர்ப்பாயத்தில் அதே பதிவைக் காட்ட வேண்டி வரலாம் என்பதால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். கேமரா அமைப்பைப் பராமரிப்பவர் சாட்சியாக வந்து, எந்தக் கேமரா, நேரம் சரியாக ஓடியதா, யார் நகலெடுத்தார் என்று சொல்லட்டும். விசாரணையில் பதிவை ஓட்டிக் காட்டி, ஊழியருக்கும் நகல் கொடுங்கள். பதிவு குறிப்பிட்ட நாட்களில் தானாக அழியும் என்பதால் சம்பவத்தன்றே நகலெடுப்பது முக்கியம்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

பொதுவாக வேண்டியதில்லை. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். உள்விசாரணையில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். அதனால்தான் இரண்டும் ஒரே சமயத்தில் ஓடலாம். இரண்டிலும் ஒரே சங்கதி, ஒரே சாட்சிகள், சிக்கலான சட்டக் கேள்விகள் என்றால் மட்டும் உள்விசாரணையை நிறுத்தி வைக்கும்படி ஊழியர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தால் அந்தத் தடையும் நிலைக்காது.

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. அன்றே நீக்கலாமா?

கூடாது. விசாரித்தவர் வேறு, தண்டிப்பவர் வேறு என்றால் அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுத்து அவர் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். அதே கடிதத்தில் உத்தேசித்துள்ள தண்டனையையும், அவருடைய பழைய தண்டனைகளைக் கணக்கில் எடுப்பதாக இருந்தால் அவற்றையும் தேதிவாரியாகக் குறிப்பிடுங்கள். சொல்லாமல் வைத்திருந்து இறுதி உத்தரவில் பழைய கணக்கைக் கிளப்பினால் எடுபடாது.

தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். குற்றம் நிரூபணமானாலும் தண்டனையைக் குறைக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. வேலை நேரத்தில் தூங்கியவரை நீக்கியதை 2005இல் பாரத் ஃபோர்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவர் ஏற்கெனவே மூன்று முறை தண்டிக்கப்பட்டவர் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. இருபது வருடம் கறையில்லாமல் உழைத்தவர் ஒரு நாள் தூங்கியதற்கு அந்தத் தீர்ப்பைத் தூக்கிக் கொண்டு போகாதீர்கள்.

சங்கத்துடன் போனஸ் தகராறு நடந்துகொண்டிருக்கிறது. இப்போது ஒருவரை நீக்கலாமா?

நீக்கலாம், ஆனால் இங்கேதான் பெரிய நிறுவனங்களே சறுக்குகின்றன. சமரச அதிகாரி முன்போ தீர்ப்பாயத்திலோ தகராறு நிலுவையில் இருந்து, குற்றச்சாட்டு அதற்குத் தொடர்பில்லாதது என்றால், உத்தரவு, ஒரு மாத ஊதியம், தகராறு யார் முன் நிலுவையில் உள்ளதோ அவரிடம் ஒப்புதல் கேட்கும் மனு மூன்றும் ஒரே நடவடிக்கையாக ஒரே நாளில் நடக்க வேண்டும். தொடர்புள்ளது என்றாலோ, அவர் பாதுகாக்கப்பட்ட தொழிலாளி (அப்படி அங்கீகரிக்கப்பட்ட சங்க நிர்வாகி) என்றாலோ முன் அனுமதி வேண்டும். ஒப்புதல் மனுவே போடாவிட்டால் பணிநீக்கம் நடக்கவே இல்லை என்று பொருள் என 2002இல் ஜெய்ப்பூர் ஜில்லா கூட்டுறவு வங்கி வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பழைய சட்டத்தின் பிரிவு 33இல் இருந்த இந்த ஏற்பாடு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார். பெயரை அடித்துவிடலாமா?

தொடர்ந்து எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்ற நிலையாணையை நம்பிப் பெயரை நீக்கிய ஒரு நிறுவனத்தின் உத்தரவை 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேலைக்கு வரச் சொல்லி இரண்டு மூன்று கடிதங்கள் இடைவெளி விட்டு அனுப்புங்கள், பிறகு அனுமதியற்ற விடுப்பு என்று சார்ஜ் மெமோ, பிறகு விசாரணை.

பாலியல் துன்புறுத்தல் புகார் வந்தால் இதே முறைதானா?

இல்லை. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், விசாரிப்பதும் அதுதான். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார். 90 நாளில் விசாரணை. முடிந்து 10 நாளில் அறிக்கை. கிடைத்து 60 நாளில் முதலாளியின் நடவடிக்கை. தலைவர் உட்பட மூவராவது அமர்ந்திருக்க வேண்டும், இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. குழுவின் அறிக்கையே விசாரணை அறிக்கை என்பதால், மறுபடி ஓர் உள்விசாரணை நடத்திப் பெண்ணைத் திரும்பக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அபராதம் போடலாமா?

அனுமதி பெற்று, காட்சிக்கு வைத்த பட்டியலில் உள்ள செயலுக்கு மட்டும், விளக்கம் கேட்ட பிறகு போடலாம். ஒரு ஊதிய காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தவணையாகவோ 90 நாளுக்குப் பிறகோ பிடிக்கக் கூடாது. லேட்டாக வந்தால் 500 ரூபாய் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது இந்த வரையறைக்குள் அடங்காது.

விசாரணையில் குறை இருந்தது எங்களுக்கே தெரிகிறது. தீர்ப்பாயத்தில் எல்லாம் போய்விட்டதா?

இல்லை. விசாரணை செல்லாது என்றானாலும், தீர்ப்பாயத்திலேயே புதிதாகச் சாட்சியம் வைத்துக் குற்றத்தை நிரூபிக்க நிறுவனத்துக்கு வாய்ப்பு உண்டு. அந்த உரிமையை முதல் எதிர்வாதத்திலேயே கேட்டுவிட வேண்டும் என்று 2001இல் லட்சுமிதேவம்மா வழக்கில் தீர்ப்பானது. வழக்கறிஞர் தயாரிக்கும் எதிர்வாதத்தின் கடைசிப் பத்தியில் அந்தக் கோரிக்கை இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் நீங்களே பாருங்கள்.

நீக்கியாயிற்று. என்னென்ன, எப்போது கொடுக்க வேண்டும்?

நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும்; ராஜினாமா செய்தவருக்கும் இதே கெடு. அடுத்த மாதச் சம்பள ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் இனிச் செல்லாது. உத்தரவில் கையெழுத்திடும் முன்பே கணக்குப் பிரிவு தொகையைப் போட்டு வைத்திருக்கட்டும்.

பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 30 நாள் கெடு. நீக்கப்பட்டார் என்பதாலேயே அது போய்விடாது. வேண்டுமென்று செய்த செயலாலோ கவனக்குறைவாலோ சொத்துக்குச் சேதம் ஏற்படுத்தி நீக்கப்பட்டவர் என்றால் சேதத்தின் அளவுக்கு மட்டும் பிடிக்கலாம். வன்முறைக்காகவோ, ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றச் செயலுக்காகவோ நீக்கப்பட்டவர் என்றால் முழுவதையுமோ ஒரு பகுதியையோ மறுக்கலாம். இதற்குக் குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்க வேண்டியதில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போதும் தனியாக அறிவிப்புக் கொடுத்து, எவ்வளவு, ஏன் என்று காரணம் எழுதிய தனி உத்தரவு வேண்டும். வருங்கால வைப்பு நிதியில் அவர் பெயரில் உள்ள பணத்தின் மேல் நிறுவனத்துக்கு எந்தப் பிடியும் கிடையாது. லேப்டாப் திருப்பித் தரவில்லை என்பதற்காக வைப்பு நிதிக் கணக்கில் வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், புகார் இந்த முறை உங்கள் மீது வரும்.